ஜாஸ் கலைஞர்களின் பேட்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாஸ் கேட்க ஆரம்பித்திருக்கும் நண்பர்களிடம் நான் விடாமல் சொல்வது, இசைத்தட்டோடு பேட்டிகளையும் தேடிக் கேளுங்கள் என்பதுதான். அப்படிச் சொன்னதும் அவர்கள் திருப்பிக் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள். அதனால் பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

வாசிப்பைக் கேட்டால் போதாதா? பேட்டி எதற்கு?

ரசிக்க மட்டும் வேண்டுமென்றால் போதும். ஆனால் ஜாஸில் மேடையில் நடந்ததில் பெரும்பகுதி எங்கும் பதிவாகவே இல்லை. நம்முடைய கச்சேரியை நினைத்துப் பாருங்கள், கீர்த்தனையை ஸ்வரப்படுத்தி எழுதிவிடலாம், அன்றைக்கு அந்தப் பாடகர் செய்த நிரவலும் கல்பனாஸ்வரமும் அன்றோடு போய்விடும். அங்கேயும் அதேதான். அதற்கு மேல், அந்தக் காலத்து 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான் இடம், அதனால் இரவு கிளப்பில் எவ்வளவு நேரம் வாசித்தார்களோ, தட்டுக்கு வரும்போது அது 3 நிமிடமாகச் சுருங்கிவிடும்.

இன்னும் மோசமான ஒரு இடைவெளியும் உண்டு. இசைத்தட்டு விற்பனையில் கலைஞர்களுக்கும் பங்கு வேண்டும் என்று அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்டில் பதிவுகளை நிறுத்தியது. பெரிய கம்பெனிகளில் இரண்டு 1944 நவம்பர் வரை இறங்கி வரவில்லை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பீபாப் என்ற புது பாணி உருவானது சரியாக அந்த ஆண்டுகளில்தான். அந்தப் பாணியை உருவாக்கிய சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் அப்போது இரவு இரவாக என்ன தேடிக்கொண்டிருந்தார்கள் என்பதைத் தட்டில் கேட்க வழி மிகக் குறைவு. அங்கே இருந்தவர்கள் பிற்பாடு வாய் திறந்து சொன்னதுதான் நமக்கு மிஞ்சியது.

எதிலிருந்து ஆரம்பிப்பது?

1954-ல் பாஸ்டன் வானொலி ஒன்றில் சார்லி பார்க்கருடன் நடந்த உரையாடல். நிகழ்ச்சியை நடத்தியவர் ஜான் மெக்லெல்லன், ஆனால் முக்கியமாகப் பேச்சுக் கொடுத்தவர் பால் டெஸ்மண்ட். பார்க்கர், டெஸ்மண்ட் இருவருமே ஆல்டோ சாக்ஸபோன் வாசிப்பவர்கள். டெஸ்மண்ட் அப்போது டேவ் புரூபெக் குழுவில் இருந்தார், அவருடைய ஒலியும் பார்க்கருடைய ஒலியும் எதிரெதிர் துருவங்கள். அப்படிப்பட்டவர் ஒரு ரசிகனின் மரியாதையோடு, உங்களுக்கு இந்த விரல் வேகம் எப்படி வந்தது என்ற பொருளில் கேட்கிறார். பார்க்கர் அலட்டிக்கொள்ளாமல் பதில் சொல்கிறார்: மூன்று நான்கு வருடம், தினமும் 11 முதல் 15 மணி நேரம் சாதகம் செய்தேன், சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் என் அம்மாவை வீட்டைக் காலி செய்யச் சொல்லப் பார்த்தார்கள்.

பார்க்கரைப் பற்றி நாம் பொதுவாகக் கேள்விப்படுவது போதை, பிறவி மேதை, 34 வயதில் மரணம், இவ்வளவுதான். இந்தப் பேட்டியில் இருப்பவர் வேறு மனிதர். நிதானமாக, அழகான ஆங்கிலத்தில், உழைப்பைப் பற்றியும் படிப்பைப் பற்றியும் பேசுகிறார். ஐரோப்பாவுக்குப் போய் எட்கார் வரேஸ் என்ற நவீன இசையமைப்பாளரிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார். அடுத்த வருடம் மார்ச்சில் அவர் இல்லை. அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்தத் திட்டத்தை அவர் சொல்லும் இடத்தைக் கடந்து போவது கஷ்டம்.

மிக நீளமான பேட்டி எது?

எல்லாவற்றிலும் நீளமானதா என்பது எனக்கு முக்கியமில்லை, ஆனால் எல்லோரும் ஒருமுறையாவது கேட்க வேண்டியது பியானோ கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டன் பேசியது. 1938 மே மாதம், வாஷிங்டனில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் அரங்கம். எதிரே இருந்தவர் ஆலன் லோமாக்ஸ், நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்துக்கொண்டிருந்த 23 வயது இளைஞர். மார்ட்டனோ நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, பெரிய புகழைப் பார்த்துவிட்டு, அப்போது வாஷிங்டனில் ஒரு சின்ன கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தவர். ஒரு வானொலி நிகழ்ச்சியில் டபிள்யூ. சி. ஹேண்டி என்ற இசையமைப்பாளரை ஜாஸின் தந்தை என்று அறிமுகப்படுத்தியதில் அவருக்குக் கடும் கோபம். 1902-ல் ஜாஸை உருவாக்கியதே நான்தான் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்.

அந்தப் பதிவில் என்னைக் கட்டிப் போட்டது அவர் சொன்ன கதைகளைவிடச் சொன்ன முறைதான். பியானோ முன்னால் உட்கார்ந்துதான் பேசுகிறார். பேச்சுக்கு அடியில் கைகள் மெதுவாக ஏதோ கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) வாசித்துக்கொண்டே இருக்கின்றன, கதாகாலட்சேபத்தில் சுருதி ஓடுகிற மாதிரி. பழைய பிரெஞ்சு நடன இசை ஒன்று எப்படி 'டைகர் ராக்' ஆக மாறியது என்று விளக்க வேண்டுமென்றால் வாசித்தே காட்டிவிடுகிறார். ஊரில் யார் எப்படி வாசிப்பார்கள், சவ ஊர்வலத்தில் என்ன நடக்கும், சூதாட்டக்காரர்கள் எப்படி நடப்பார்கள் என்று எல்லாம் வருகிறது. மொத்தப் பதிவு 8 மணி நேரத்துக்கும் மேல். முழுமையாக வெளியானது 2005-ல்தான். மார்ட்டன் 1941-லேயே லாஸ் ஏஞ்சலிஸில் இறந்துவிட்டார்.

அவர்கள் சொல்வதெல்லாம் உண்மையா?

இல்லை. ஆனால் உடனே பொய் என்று முத்திரை குத்தவும் வேண்டாம். ஜாஸைத் தனி ஒருவர் ஒரு வருடத்தில் கண்டுபிடித்தார் என்பதை யாரும் ஏற்க மாட்டார்கள், மார்ட்டனின் பிறந்த வருடம்கூட அவர் சொன்னதும் சர்ச் பதிவேடும் ஒத்துப்போகவில்லை. அதே மார்ட்டன் இசை நுணுக்கம் பற்றிச் சொன்னவை, கரீபியன் சாயல் கொண்ட தாளம் இல்லாமல் ஜாஸுக்கு அந்த மணம் வராது என்பது உட்பட, இன்றும் ஆராய்ச்சியாளர்கள் மேற்கோள் காட்டுபவை. லூயி ஆர்ம்ஸ்ட்ராங் வாழ்நாள் முழுக்கத் தன் பிறந்தநாள் 1900 ஜூலை 4 என்றே சொன்னார். அவர் போனபிறகு கிடைத்த ஞானஸ்நானப் பதிவில் 1901 ஆகஸ்ட் 4 என்று இருந்தது. அவர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. வறுமையில் பிறந்த குழந்தைகளுக்கு யார் தேதி குறித்து வைத்தார்கள்? நம் தாத்தா பாட்டிகளில் பாதிப் பேருக்குப் பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் போட்ட தேதிதானே பிறந்தநாள்.

தேதி, ஊர், யார் முதலில் என்ற சண்டை, இவற்றை வேறு ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கை எப்படி நகர்ந்தது, பக்கத்தில் இருந்தவர் என்ன வாசித்தார், எதைக் கேட்டு மனம் கலங்கியது என்று சொல்லும்போது நான் பெரும்பாலும் நம்பிவிடுவேன்.

ஒரே கலைஞர் ஒரு பேட்டியில் கொட்டித் தீர்க்கிறார், இன்னொன்றில் ஒற்றை வார்த்தையில் முடிக்கிறார். ஏன்?

கேட்பவர் யார் என்பதுதான் காரணம். இதை நான் எவ்வளவு முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. பதிலைப் படிப்பதற்கு முன்னால் கேள்வியைப் படியுங்கள், கேள்விக்கு முன்னால் கேட்டவர் யார் என்று பாருங்கள்.

ஆர்ட் டெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்லெமில் வளர்ந்த டிரம்ஸ் கலைஞர், சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' தட்டில் வாசித்தவர். 1963-ல் ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்தார். 1968 முதல் 1972 வரை தன் சக கலைஞர்களிடம் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்தார், 1977-ல் தானே புத்தகமாகவும் போட்டார். பெயர் 'நோட்ஸ் அண்ட் டோன்ஸ்'. அவர் கேள்விகள் சாதாரணமானவை, பலரிடமும் அதே கேள்விகள்: எவ்வளவு நேரம் சாதகம் செய்கிறாய், உடற்பயிற்சி உண்டா, விமர்சகர்களைப் பற்றி என்ன நினைக்கிறாய், பியானோ கலைஞர் பட் பவல் வாசிப்பு எப்படி. ஆனால் கேட்பவன் தன்னோடு ஒரே வண்டியில் ஊர் ஊராகப் போனவன், ஒரே முதலாளியிடம் சம்பளத்துக்குச் சண்டை போட்டவன் என்பதால் பதில்களில் பூச்சு இல்லை. பத்திரிகைக்காரரிடம் சொல்லத் தயங்கும் கோபமும் இனவெறி பற்றிய கசப்பும் அவரிடம் வெளியே வந்துவிடுகின்றன.

இதற்கு நேர் எதிராக ஒன்று. 1966 ஆகஸ்டில் ஃபிராங்க் கோஃப்ஸ்கி என்பவர் ஜான் கோல்ட்ரேனைச் சந்திக்க லாங் ஐலண்ட் போனார். கோல்ட்ரேனே ரயில் நிலையத்துக்கு வந்து அவரை அழைத்துக்கொண்டு போய், ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் காரை நிறுத்தி, காருக்குள்ளேயே பேட்டி கொடுத்தார். கோஃப்ஸ்கிக்கு ஏற்கெனவே ஒரு முடிவு இருந்தது, இந்த இசை கறுப்பின அரசியல் எழுச்சியின் குரல் என்று. மால்கம் எக்ஸ் பற்றிக் கேட்கிறார், போர் பற்றிக் கேட்கிறார், தன் கருத்தை கோல்ட்ரேன் வாயால் சொல்ல வைக்க அழுத்திப் பார்க்கிறார். கோல்ட்ரேன் ஒருமுறைகூடக் கடிந்துகொள்ளவில்லை. மால்கம் எக்ஸ் பேச்சைக் கேட்டேன், மனதைத் தொட்டது என்கிறார். ஆனால் முழுக்க அந்தக் கட்டத்துக்குள் போய் நிற்கவும் இல்லை. இந்த உலகத்தில் நல்லதுக்கான ஒரு சக்தியாக இருக்க வேண்டும் என்பதே தன் ஆசை என்கிறார். கேள்வி தவறாக இருந்தும் மனிதர் தெரிகிறார், அதற்காகவே இதைக் கேட்க வேண்டும். பதினோரு மாதம் கழித்து, 40 வயதில், கோல்ட்ரேன் இறந்தார்.

இசை எப்படிப் பிறக்கிறது என்று யாராவது தெளிவாகச் சொல்லியிருக்கிறார்களா?

மிகத் தெளிவாகச் சொன்னவர் பியானோ கலைஞர் பில் எவன்ஸ். 1966-ல் எடுத்த ஆவணப்படம் ஒன்றில் தன் அண்ணன் ஹாரியோடு உட்கார்ந்து பேசுகிறார். ஹாரி இசை ஆசிரியர், மாணவர்கள் தடுமாறுவதை தினமும் பார்ப்பவர், அதனால் அவர் கேள்விகளில் வகுப்பறை வாசனை இருக்கிறது. எவன்ஸ் சொல்வதன் சாரம் இது: பழகுபவர்கள் முழு விஷயத்தையும் உத்தேசமாக வாசித்துவிடப் பார்க்கிறார்கள், அது தப்பு. சின்னத் துண்டாக இருந்தாலும் பரவாயில்லை, அதைத் துல்லியமாகவும் உண்மையாகவும் வாசி, பிறகு அதன்மேல் கட்டு. சொல்லிவிட்டு ஒரே பாட்டை எளிமையாகவும், உத்தேசமாக அலங்கரித்தும் வாசித்துக் காட்டுகிறார். வித்தியாசம் யாருக்கும் காதில் விழும்.

அதே எவன்ஸ் 1978 நவம்பரில் மரியன் மெக்பார்ட்லண்டின் 'பியானோ ஜாஸ்' வானொலி நிகழ்ச்சிக்கு வந்தார். மெக்பார்ட்லண்ட் இங்கிலாந்தில் பிறந்த பியானோ கலைஞர், நிகழ்ச்சியில் இரண்டு பியானோ இருக்கும், விருந்தாளி ஒன்றில், அவர் ஒன்றில். பேச்சு எங்கே தீர்கிறதோ அங்கே வாசிப்பு தொடங்கிவிடும். தாளத்தின் மேல் வாக்கியங்களை எப்படி இடம் மாற்றி வைக்கிறேன் என்று எவன்ஸ் விளக்குகிறார், அந்த அம்மா புரியாததைப் புரியவில்லை என்று சொல்லித் திரும்பக் கேட்கிறார். இந்தத் துறையிலேயே பெரிய ஆளுமை ஒருவர் அப்படிக் கேட்கும்போது நமக்கும் தைரியம் வருகிறது.

வார்த்தையே வராத தருணங்களையும் தவறவிடாதீர்கள். 1961 நவம்பரில் டவுன் பீட் பத்திரிகையில் ஒரு விமர்சகர் கோல்ட்ரேனும் எரிக் டால்ஃபியும் வாசிப்பதை ஜாஸுக்கு எதிரானது என்று எழுதினார். 1962 ஏப்ரலில் அதே பத்திரிகை இருவரையும் உட்காரவைத்துப் பதில் கேட்டது. நீங்கள் என்னதான் செய்கிறீர்கள் என்ற கேள்விக்கு அரை நிமிடம் மௌனம். பிறகு டால்ஃபி, நல்ல கேள்விதான் என்றார். அப்புறம் மெல்ல மெல்லப் பேசினார்கள். வீட்டில் வாசிக்கும்போது பறவைகள் கூடவே குரல் கொடுக்கும், அவற்றுக்கு நம் ஸ்வரங்களுக்கு நடுவில் ஸ்வரங்கள் இருக்கின்றன, இந்திய இசையிலும் அந்தக் குணம் உண்டு என்று டால்ஃபி சொன்னது அங்கேதான். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தப் பதிலை விளக்கவே வேண்டாம்.

பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் வேறு ரகம். அதிகம் பேசமாட்டார். ஆனால் அவரிடம் எப்படிக் கற்றேன் என்று கோல்ட்ரேன் 1960-ல் சொல்லியிருக்கிறார்: சந்தேகம் கேட்டால் மங்க் பியானோவில் உட்கார்ந்து பதிலை வாசித்தே காட்டிவிடுவாராம்.

இதில் பிழைக்க முடிந்ததா?

சிலருக்கு முடிந்தது, பலருக்குப் படாத பாடு. திறமை மட்டும் காரணமில்லை என்பதைப் பேட்டிகள்தான் எனக்குப் புரியவைத்தன. நியூயார்க்கில் மது விற்கும் கிளப்பில் வாசிக்க, போலீஸ் தரும் காபரே அட்டை வேண்டும். 1940-ல் தொடங்கி 1967 வரை இந்த நடைமுறை இருந்தது. வழக்கு ஏதாவது விழுந்தால் அட்டை பறிபோகும். பில்லி ஹாலிடே 1947-ல் தண்டனை பெற்றபிறகு கார்னகி ஹாலில் பாட முடிந்தது, தெருமுனை கிளப்பில் பாட முடியவில்லை. மங்க் 1951-ல் அட்டையை இழந்தார். நண்பர் பட் பவலோடு காரில் இருந்தபோது போதைப்பொருள் பிடிபட்டது, மங்க் நண்பரைக் காட்டிக் கொடுக்கவில்லை. தன் சொந்த ஊரில் கிளப் பக்கம் வாசிக்க அவருக்கு 1957 வரை வழியில்லை.

இன்னொரு பக்கம் மில்ட் ஹின்டன் மாதிரியானவர்கள். டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசித்தவர், காப் காலவே குழுவில் சுமார் 15 வருடம், 1951 வரை. அப்புறம் பெரிய குழுக்களின் காலம் ஓய்ந்துவிட்டது. ஜாக்கி கிளீசன் என்ற தொலைக்காட்சி நடிகர் பழக்கத்தில் ஸ்டுடியோ வேலைக்குக் கைகொடுத்தார், கறுப்பினக் கலைஞர்களுக்கு அந்தக் கதவு ஏறக்குறைய மூடியிருந்த காலம் அது. அதன்பிறகு ஹின்டன் வாசிக்காத தட்டு எது என்று தேட வேண்டியதாயிற்று. இந்த மாதிரிப் பக்கவாத்தியக்காரர்களின் பேட்டிகளைத்தான் நான் அதிகம் விரும்புகிறேன். தலைவரைப் பற்றி அவர்களுக்குத் தெரியும், சம்பளம் தெரியும், பஸ்ஸில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று தெரியும். நியூயார்க் மாநிலத்தில் ஹாமில்டன் கல்லூரி 1995 முதல் இப்படிப்பட்டவர்களை வீடியோவில் பேசவைத்துச் சேர்த்து வருகிறது, 300-க்கும் மேற்பட்ட பேட்டிகள் இருக்கின்றன.

'ஜாஸ்' என்ற சொல்லே அவர்களுக்குப் பிடிக்காதாமே?

பலருக்குப் பிடிக்காது. டெய்லர் இதை விடாமல் கேட்டார். டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச் சொன்னது நேரடியானது: அந்தச் சொல் எனக்குக் குறிப்பது மோசமான வேலைச் சூழலையும் மோசமான பாரபட்சத்தையும்தான் என்றார். டியூக் எலிங்டனும் தன் இசையை அந்த டப்பாவில் அடைக்க விரும்பியதில்லை.

பெண் கலைஞர்களின் பேட்டிகள்?

குறைவு, அதனால் கிடைப்பதை விடாதீர்கள். பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ் 1954-ல் லண்டனின் மெலடி மேக்கர் பத்திரிகையில் தன் வாழ்க்கையைத் தொடராகச் சொன்னார். கான்சாஸ் சிட்டியில் விடிய விடிய நடந்த வாசிப்புகள் பற்றி இன்று எழுதுபவர்கள் அதைத் தொடாமல் எழுத முடியாது. மங்க், பட் பவல் எல்லாம் அவர் வீட்டுக்கு வந்து பியானோவைச் சுற்றி உட்கார்ந்தவர்கள். மெக்பார்ட்லண்ட் தன் நிகழ்ச்சிக்காக 1978-ல் முதலில் உட்காரவைத்துப் பதிவு செய்ததும் இவரைத்தான்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், பெண்களிடம் முதல் கேள்வியே ஆண்கள் நடுவில் எப்படிச் சமாளித்தீர்கள் என்பதாக இருக்கிறது. இசை பற்றிய கேள்வி கடைசியில் வரும், அதற்குள் நேரம் முடிந்துவிடும்.

நம் இசைக்கும் இவர்களுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சார்லி மரியானோ என்ற சாக்ஸபோன் கலைஞர் 1960களில் வேலை நிமித்தம் மலேசியா போனவர், அங்கே நாதஸ்வரம் கேட்டு மயங்கி, அதைக் கற்றுத் தன் தட்டுகளிலும் வாசித்தார். இன்னொரு சாக்ஸபோன் கலைஞர் சானி ராலின்ஸ் 1960களின் பிற்பகுதியில் பம்பாய் பக்கம் பவாயில் ஒரு ஆசிரமத்தில் தங்கி யோகம் பயின்றார். கோல்ட்ரேன் தன் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தது ரவிசங்கரை நினைத்து.

தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர் பேட்டிகளையும் படியுங்கள். சிறுவயதிலிருந்து 15 வருடம் மேற்கத்திய வயலின், பியானோவோ காதால் கேட்டுத் தானே கற்றது, கணிதமும் இயற்பியலும் படித்து, பிறகு இசையும் மூளையும் பற்றி முனைவர் பட்டம். அவரிடம் கர்நாடக சங்கீதம் பற்றி மட்டுமே கேட்கும் பேட்டிகளைத் தாண்டிப் போனால், மங்க் அவருக்கு எவ்வளவு நெருக்கமானவர் என்பது தெரியும்.

ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்களே?

ராலின்ஸின் பாலம் கதைதானே சொல்கிறீர்கள்? 1959-ல், புகழின் உச்சியில், என் வாசிப்பு எனக்குத் திருப்தியில்லை என்று மேடையை விட்டுவிட்டார். அடுக்குமாடி வீட்டில் சாதகம் செய்தால் பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிக்குத் தொந்தரவு. அதனால் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதையில் நின்று, ரயிலும் படகும் போகிற சத்தத்துக்கு நடுவில், மணிக்கணக்கில் வாசித்தார். 1961 கடைசியில் மேடைக்குத் திரும்பினார். இதை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. ஆனால் இரண்டு மூன்று பேட்டிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒன்றில் குளிர் வரும், ஒன்றில் படகின் சங்கொலிக்குப் பதில் வாசித்தது வரும், ஒன்றில் மனைவி வரும். ஒரே ராகம்தான், ஆலாபனை வேறு.

நானே ஒரு கலைஞரைப் பேட்டி எடுக்கப் போகிறேன். என்ன கேட்பது?

உங்களுக்கு இசை என்றால் என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். முதல் வாத்தியம் யார் வாங்கிக் கொடுத்தது, என்ன விலை, வீட்டில் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேளுங்கள். முதல் சம்பளம் கேளுங்கள். அவர் வாயில் வரும் ஒவ்வொரு பெயரையும் குறித்து வைத்து, அந்த ஆள் எப்படி வாசிப்பார் என்று கேளுங்கள், தன்னைப் பற்றிப் பேசக் கூச்சப்படுபவர்கள்கூட அடுத்தவர் வாசிப்பைச் சொல்லும்போது உயிர் பெற்றுவிடுவார்கள். மௌனம் வந்தால் அவசரப்பட்டு நிரப்ப வேண்டாம், டால்ஃபிக்கே அரை நிமிடம் பிடித்தது. உங்கள் கருத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். முக்கியமாக, அவர் வாத்தியம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், மைக் இரண்டையும் பிடிக்கிற மாதிரி வையுங்கள், பேச்சு நடுவில் அவர் கை அதன்மேல் போனால் கேள்வியை நிறுத்திவிடுங்கள்.